விண்வெளிச் சண்டை எழுதுறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

ஸ்பேஸ்ல வெடிச் சத்தம் கேக்காதுன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். லேசரும் கலர் கோடா தெரியாது, தூசி புகை இல்லாத இடத்துல வெளிச்சம் சிதறி நம்ம கண்ணுக்கு வர வழியே இல்ல. இதெல்லாம் சின்னத் தப்பு, விட்ருங்க.

பெரிய தப்பு, விண்கலத்தை ஏரோப்ளேன் மாதிரி ஓட்டுறதுதான். எஞ்சினை ஆஃப் பண்ணா அது நிக்காது, அதே வேகத்துல போய்ட்டே இருக்கும், சாய்ஞ்சு வளையறதுக்குக் காத்தும் கிடையாது. ஆனா போற திசை மாறாமலே மூக்கைப் பின்னாடி திருப்பி துரத்துறவனைச் சுடலாம், இவ்ளோ அருமையான விஷயத்தை ஏன் கதைல கொண்டுவர மாட்டேங்குறாங்கன்னு எனக்கு ரொம்ப வருத்தம்.

பூமியைச் சுத்துற ஆர்பிட்ல சண்டைன்னா இன்னும் கவனமா இருக்கணும். 1965 ஜூன்ல ஜெமினி 4ங்கிற அமெரிக்க விண்கலத்துல போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னைத் தூக்கிட்டு வந்த ராக்கெட்டோட காலி பாகம் பக்கத்துல மிதக்குறதைப் பாத்து, அதுக்கு நேரா கலத்தைத் திருப்பி த்ரஸ்டரை, அதாவது கலத்தைத் தள்ளுற சின்ன எஞ்சினை, அடிச்சார். நெருங்கவே முடியல, எரிபொருள் மளமளன்னு குறைய கடைசில கைவிட்டாங்க. முன்னாடி போறதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டுனா நம்ம பாதை மேல ஏறிடும், மேல ஏறுனா ஒரு சுத்து முடிய நேரம் கூடும், அதனால இன்னும் பின்தங்கிடுவோம். பிடிக்கணும்னா வேகத்தைக் குறைச்சு கீழ இறங்கணும்! இந்தக் கணக்கைச் சரியா போட்டுத்தான் அதே வருஷம் டிசம்பர்ல ஜெமினி 6ஏ, ஜெமினி 7க்கு ஒரு அடி தூரம் வரைக்கும் போச்சு.

துப்பாக்கி வெச்சா, சுடுறப்ப கலத்தையே பின்னாடி தள்ளுற பின்னுதைப்பையும் எழுதுங்க. சோவியத்காரங்க சல்யூட் 3ங்கிற விண்வெளி நிலையத்துல நிஜமாவே பீரங்கி வெச்சு 1975 ஜனவரில, உள்ள ஆள் இல்லாதப்ப சுட்டுப் பாத்தாங்க. குறி பாக்கணும்னா மொத்த நிலையத்தையே திருப்பணும்.

அப்புறம் இந்த ஒளிஞ்சு நிக்குற சீன். சுத்தி இருக்குற இருட்டு மைனஸ் 270 டிகிரி, மனுஷன் உயிரோட இருக்குற கலம் 20 டிகிரி, அகச்சிவப்பு கேமராவுக்கு அது இருட்டு ரூம்ல எரியுற பல்பு மாதிரிதான். அந்தச் சூட்டை வெளிய தள்ள கதிர்வீச்சை விட்டா வேற வழி இல்ல, சர்வதேச விண்வெளி நிலையத்துலயே அம்மோனியா ஓடுற பெரிய ரேடியேட்டர் பலகைகள் இதுக்குன்னே இருக்கு. ரியாக்டரும் லேசரும் வெச்ச போர்க்கலத்துக்கு அதைவிடப் பெருசு வேணும், எதிரி முதல்ல குறி வைக்கிறதும் அதைத்தான். மடக்கி வெச்சா அடி படாது, ஆனா உள்ள சூடு ஏறிட்டே இருக்கும். எத்தனை நிமிஷம் தாங்குவாங்க, எப்ப விரிப்பாங்கன்னு கேப்டன் தவிக்கிறதை எழுதுங்க.