பெர்னினியின் சிலையைச் சுற்றி வருவது எப்படி?

இத்தாலியக் கலை என்றதும் பலர் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடுவார்கள். வேண்டாம். ஒரே ஒரு சிலையை ஒழுங்காகப் பார்க்கப் பழகுங்கள். இத்தாலியச் சிற்பி பெர்னினி செதுக்கி, ரோம் போர்கேசே காட்சியகத்தில் இருக்கும் ‘அப்போலோவும் டாஃப்னியும்’ அதற்குத் தோதானது. நேரில் போவதென்றால் முன்பதிவு அவசியம். வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் முதுகுப்புறம், பக்கவாட்டு, முன்புறம் என மூன்று படங்களைத் தேடி எடுத்துவையுங்கள்.

படி 1: கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். ரோமானியக் கவி ஓவிட் சொன்ன கதை. ‘சின்னப் பயல் உனக்கெல்லாம் எதற்கு வில்?’ என்று காதல் தேவன் குயூபிடை இன்னொரு கடவுளான அப்போலோ சீண்டுகிறான். குயூபிட் விடுவானா? அப்போலோ மேல் தங்க அம்பு, நதித்தேவனின் மகள் டாஃப்னி மேல் ஈய அம்பு. தங்கம் பட்டவனுக்குக் காதல், ஈயம் பட்டவளுக்கு வெறுப்பு. அவன் துரத்துகிறான், அவள் ஓடுகிறாள். பிடிபடப் போகும் நேரத்தில் அப்பாவைக் கூப்பிட்டு, லாரல் மரமாக மாறிவிடுகிறாள். (நம் பிரிஞ்சி இலை மரமும் இதே தாவரக் குடும்பம்தான்.)

படி 2: முதுகுப்புறத்தில் தொடங்குங்கள். இன்று சிலை அறையின் நடுவில் நிற்கிறது. முன்பு உள்ளே நுழைபவர் முதலில் கண்டது அப்போலோவின் முதுகைத்தான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அங்கிருந்து பார்த்தால் ஓடுகிற ஒருவன், பறக்கிற துணி. அவ்வளவுதான்.

படி 3: இப்போது மெதுவாக நகருங்கள். அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. ஒவ்வோர் அடிக்கும் டாஃப்னி கொஞ்சம் கொஞ்சமாக மரமாகிறாள். விரல் நுனியில் இலை துளிர்க்கிறது, கூந்தல் கிளையாகிறது, கால்விரல் வேராகித் தரையில் இறங்குகிறது. அப்போலோவின் இடது கையை நெருங்கிப் பாருங்கள். அவள் இடுப்பைத் தொட்டுவிட்டான், ஆனால் உள்ளங்கையில் படுவது மரப்பட்டை. அவன் முகத்தில் அது இன்னும் உறைக்கவில்லை. வாய் திறந்து அலறுவது அவள் மட்டும்.

படி 4: கல்லைக் கவனியுங்கள். தோல் வழவழப்பு, பட்டை சொரசொரப்பு, இரண்டும் ஒரே பளிங்கு. 1622இல் தொடங்கி 1625இல் முடித்தார் பெர்னினி. தொடங்கும்போது வயது 23. மெல்லிய இலைகளில் அவருடைய பட்டறையில் இருந்த ஜூலியானோ ஃபினெல்லிக்குப் பெரும் பங்கு உண்டு. பாவம், பெயர் பெர்னினிக்கு மட்டும்.

படி 5: காசு கொடுத்தது யார் என்று கேளுங்கள். கார்டினல் ஷிப்பியோனே போர்கேசே. தேவாலயப் பெரியவர் வீட்டில் ஆடை நழுவிய பழங்காலக் கடவுளா? பீடத்தில் அதற்குச் சமாதானமும் பொறித்திருக்கிறார்கள்: ஓடி மறையும் அழகைத் துரத்துபவன் கையில் மிஞ்சுவது இலையும் கசப்புக் காயும் என்ற பொருளில் இரண்டு லத்தீன் வரிகள். எழுதியவர் மாஃபெயோ பார்பெரினி. 1623இல் எட்டாம் அர்பன் என்ற பெயரில் போப்பானவர்.

படி 6: இதே முறையை ஓவியத்திலும் சோதியுங்கள். அதே ரோமில், சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி தேவாலயத்தில் கரவாஜியோ வரைந்த ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ இருக்கிறது. ஓவியத்தைச் சுற்றி நடக்க முடியாது, அதனால் வெளிச்சத்தின் பின்னால் போங்கள். வலப்புறமிருந்து வரும் ஒளி இயேசுவின் நீட்டிய கையைக் கடந்து மேசையில் இருக்கும் ஐவர் மேல் விழுகிறது. இயேசு தன் சீடனாக அழைப்பது வரி வசூலிக்கும் மத்தேயுவை. இந்த ஐவரில் அவர் யார்? விரல் நீட்டும் தாடிக்காரரா, ஓரத்தில் தலை கவிழ்ந்து காசைப் பார்க்கும் இளைஞனா? அந்த விரல் தன்னைக் காட்டுகிறதா, பக்கத்தில் இருப்பவனையா? சண்டை இன்னும் தீரவில்லை. நான் தாடிக்காரர் கட்சி.