இரட்டை கிராபிக்ஸ் கார்டு கணினியைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி?

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் மின்நுகர்வு 350 வாட். இரண்டைப் பொருத்தினால், 700 வாட் வெப்பம் ஒரே பெட்டிக்குள் வெளியாகும். இவற்றில் முதலில் தவிப்பது மேல் கார்டுதான், ஏனெனில் கீழ்க் கார்டு சூடாக்கிய காற்றையே அதன் விசிறிகள் உறிஞ்சுகின்றன. ஆகவே, மதர்போர்டு வாங்கும் முன்பே, இரு கார்டுகளுக்கு இடையே குறைந்தது ஒரு ஸ்லாட் (கார்டு செருகும் இடம்) அளவாவது காலியிடம் கிடைக்குமா என்று அளந்து பாருங்கள். என் கணிப்பில், கூடுதல் விசிறிகளைவிட இந்த இடைவெளியே முக்கியமானது.

இடைவெளிக்கு வழியில்லையெனில், சூடான காற்றைப் பெட்டியின் பின்புறமாக நேரே வெளியேற்றும் புளோயர் வகைக் கார்டுகளே பொருந்தும். அவற்றின் இரைச்சல் அதிகம் என்றாலும், திறந்த விசிறிக் கார்டுகளைப் போல வெப்பத்தைப் பெட்டிக்குள்ளேயே கொட்டுவதில்லை.

முன்புறம் மூன்று விசிறிகள் காற்றை உள்ளிழுக்க, பின்புறமும் மேற்புறமும் உள்ளவை வெளியேற்றட்டும். உள்ளிழுப்பு சற்றே மிகுந்திருந்தால் இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும்; முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலைத்தகடாக இருப்பது அவசியம். கேபிள்களைப் பின்பக்கம் ஒதுக்குங்கள், தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவி, நன்கு உலர்த்தி மாட்டுங்கள்.

3090 கார்டில் நினைவகச் சில்லுகளின் ஒரு பகுதி பின்பக்கத்திலும் இருப்பதால், பின்தகட்டின் மீதும் காற்று படவேண்டும். மையச் சில்லின் வெப்பநிலையை மட்டும் பார்த்து நிம்மதியடையாமல், நினைவகத்தின் வெப்பநிலையையும் கவனியுங்கள். பிறகும் சூடு தணியாவிட்டால், ஒவ்வொரு கார்டின் மின்வரம்பையும் 280 வாட் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். வேக இழப்பு சிறிதே, வெப்பக் குறைவோ கையால் தொட்டே உணரக்கூடியது.