ஏரிக்கரையும் மேட்டுச்சாலையும்: சைக்கிளில் நிதானமாகச் சுற்றுவது எப்படி

சைக்கிளில் ஊர் சுற்றத் திட்டமிடுபவர்கள் முதலில் கேட்டுக்கொள்வது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான். சமவெளியில் அந்தக் கேள்வி போதும். ஏரிகளும் குன்றுகளும் அடுத்தடுத்து வரும் நாட்டுப்புறத்தில் அது ஆளை ஏமாற்றிவிடும். அங்கே ஒரு நாளின் நீளத்தைத் தீர்மானிப்பது, அந்தத் தூரத்துக்குள் மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டியிருக்கிறது என்பதே. ஏரியை ஒட்டிய சாலை என்றாலே மேடுபள்ளம் இருக்காது என்ற நினைப்பையும் விட்டுவிட வேண்டும். கரை மெல்லச் சரியும் இடங்களில் சாலை நீரோரமாகவே செல்லும். குன்று செங்குத்தாக நீருக்குள் இறங்கும் இடங்களிலோ, அந்த முனையின் மேல் ஏறி, மறுபுறம் இறங்கி, அடுத்த முனைக்காக மறுபடியும் ஏறும். 50 மீட்டர் ஏற்றம் ஒன்று பெரிதல்ல. அப்படிப் பத்து வந்தால் 500 மீட்டர் மலை ஒன்றை ஏறிய களைப்பு வந்துவிடும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஓட்டுபவர், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய நிதானத்தில், ஓரளவு பழக்கமுள்ளவரின் கால்கள் ஏறத்தாழ 100 வாட் ஆற்றலைத் தரும். அது முழுவதும் ஏறுவதற்கே செலவானாலும் ஒரு மணி நேரத்தில் சுமார் 360 மீட்டர் உயரம்தான் ஏற முடியும். டயரின் உராய்வும் காற்றும் பிடுங்கிக்கொள்வது போக 300 என்று கொள்வது பத்திரம். ஆக, 100 மீட்டர் ஏற்றத்துக்கு 20 நிமிடம். சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 45 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாளுக்கு, தூரத்துக்கு 3 மணி, ஏற்றத்துக்கு 2 மணி, மொத்தம் 5 மணி நேரம் மிதிக்க வேண்டியிருக்கும். இதில் ஏற்றத்தின் தூரம் இருமுறை கணக்கில் வருகிறதே என்று தோன்றலாம். அந்த உபரி நேரம், மூச்சு வாங்க நிற்பதிலும் வழி கேட்பதிலும் கரைந்துவிடும். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் வேடிக்கை பார்ப்பதற்கும் இன்னொரு 3 மணி நேரத்தைச் சேர்த்தால், காலை 8 மணிக்குக் கிளம்பியவர் மாலை 4 மணிக்குத் தங்குமிடத்தை அடைவார். நிதானமான பயணத்துக்கு இதுவே நிறைவான ஒரு நாள். இதற்கு மேல் திட்டமிடுபவர், பிற்பகல் முழுவதும் ஏரியைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏற்றத்தை முன்கூட்டியே அறிய, சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடம் வேண்டும். கோடுகளுக்கிடையே 20 மீட்டர் இடைவெளி என்றால், சாலை மேல்நோக்கி ஐந்து இடைவெளிகளைக் கடக்கும்போது 100 மீட்டர் ஏறுகிறது என்று பொருள். அந்த ஐந்தும் 1 கிலோமீட்டருக்குள் நெருங்கி வந்தால் சரிவு 10 சதவீதம். மூட்டையுடன் 6 சதவீதம் வரை அலுங்காமல் ஏறலாம், 10 சதவீதத்தில் பெரும்பாலோர் இறங்கித் தள்ளுவார்கள். கைபேசிச் செயலிகள் மொத்த ஏற்றத்தைச் சொல்லிவிடுகின்றன என்றாலும், அவை காட்டும் சராசரிச் சரிவை நம்பிக் கிளம்பக் கூடாது: சராசரி 5 சதவீதம் உள்ள 3 கிலோமீட்டர் பாதைக்குள், 12 சதவீதத்தில் நிமிர்ந்து நிற்கும் 200 மீட்டர் துண்டு ஒளிந்திருக்கலாம்.

சைக்கிள் எது என்பதைவிட அதன் மிகச் சிறிய கியர் எது என்பதுதான் முக்கியம். 6 சதவீத ஏற்றத்தில், மேலே சொன்ன கணக்கின்படி வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்தான் இருக்கும். அந்த வேகத்தில் முழங்காலை வருத்தாமல் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டுமானால், ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 1.4 மீட்டர் மட்டுமே நகர வேண்டும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர் என்பதால், முன்பக்கம் 24 பல்லும் பின்பக்கம் 36 பல்லும் உள்ள சேர்க்கை அதைத் தரும். பந்தயச் சைக்கிள்களில் வழக்கமாகக் காணப்படும் 34-க்கு 28 என்ற சேர்க்கையில் அதே ஏற்றத்தை அதே பலத்தில் ஏறினால், சுற்று 33 அளவுக்கு விழுந்துவிடும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவது போலாகி, இரண்டாம் நாள் முழங்கால் பேசத் தொடங்கும். ஆகவே வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், முன்பக்கச் சிறிய பற்சக்கரத்தைவிடப் பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தில் பற்கள் அதிகமாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள். கியர் என்பது பலவீனர்களுக்கானது என்ற ஏளனம் பழையது. பிரான்சில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவி, சுற்றுப்பயணிகளுக்குப் பல கியர்கள் அவசியம் என்று வாழ்நாளெல்லாம் வாதாடி 1930-இல் மறைந்தார். துர் த பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவி எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டது 1937-இல்தான்.

டயர் 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் தார்ச்சாலையிலும் ஏரியோர மண்பாதையிலும் ஒன்றுபோல ஓடும். மூட்டை 10 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடும் ஒவ்வொரு 10 கிலோவும் ஏறும் நேரத்தை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீட்டும். பைகளை முதுகில் சுமக்காமல், கேரியரின் இருபுறமும் தாழ்வாக, எடை சமமாக இருக்கும்படி மாட்டுங்கள். மாட்டியபின் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்து, குதிகால் பையில் இடிக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஏரியைச் சுற்றுவதென்றால் எந்தத் திசையில் சுற்றுவது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இடப்புறம் ஓட்டும் நாடுகளில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும், வலப்புறம் ஓட்டும் நாடுகளில் கடிகாரத் திசையிலும் சென்றால் நீர் எப்போதும் உங்கள் பக்கத்தில் இருக்கும். நின்று பார்க்க விரும்பும்போது எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டியதில்லை, பக்கச் சாலைகளும் அந்தப் பக்கத்திலிருந்து அதிகம் வந்து சேர்வதில்லை. ஜப்பானின் பிவா ஏரியை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சுற்றுபவர்கள் எதிர்த்திசையிலும், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் பகிர்ந்துகொள்ளும் போடன் ஏரியைச் சுற்றுபவர்களில் பெரும்பாலோர் கடிகாரத் திசையிலும் செல்வது இதனால்தான். பெரிய ஏரிகளில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும் படகுகள் ஓடினால், சோர்ந்த நாளில் அவை சுற்றைப் பாதியாக்கிக் கொடுக்கும். படகு நேரங்களைக் கிளம்புவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கும் ஒரு நேர ஒழுங்கு உண்டு. வானிலை தெளிவாக இருக்கும் நாளில், வெயில் ஏறியபின் நீரைவிட நிலம் வேகமாகச் சூடாவதால் ஏரியிலிருந்து கரையை நோக்கியும், பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேல்நோக்கியும் காற்று வீசும். இரவிலும் விடியலிலும் குளிர்ந்த காற்று சரிவுகளிலிருந்து கீழிறங்கும். மலைகளுக்கிடையே நீண்டு கிடக்கும் ஏரிகளில் இது ஏரியின் நீளவாக்கில் திரும்பி, பிற்பகலில் பிடிவாதமான எதிர்காற்றாகிவிடும். எனவே பள்ளத்தாக்கில் கீழ்நோக்கிச் செல்லும் பகுதிகளைக் காலையிலும், மேல்நோக்கிச் செல்லும் நீண்ட, சரிவு குறைந்த பகுதிகளைப் பிற்பகலிலும் வைத்தால், காற்று முதுகைத் தள்ளும். செங்குத்தான ஏற்றங்கள் மட்டும் இதற்கு விலக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பெரிய பொருட்டல்ல, வெயில்தான் பொருட்டு. அவற்றைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். அதற்காக எழுந்ததும் ஏற்றத்தில் கால் வைக்காமல், முதல் 20 நிமிடம் கரையோரமாக ஓட்டி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

ஏறும்போது சரிவு தொடங்குவதற்கு முன்பே சிறிய கியருக்கு மாறிவிட வேண்டும்; பாரம் விழுந்தபின் மாற்றினால் செயின் முறுமுறுக்கும், சில நேரம் கழன்றும் விடும். பேச்சு துண்டுதுண்டாக வரத் தொடங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். இறங்குவது இதைவிடக் கவனம் கேட்கும் வேலை. உச்சியில் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது, இறங்கும் வேகத்தின் காற்றும் அதோடு சேரும். அதனால் குளிர் தெரிவதற்கு முன்பே மேற்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்பு அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுவதே முறை. மரநிழல் விழும் வளைவுகளில் ஈரமும் சருகும் சரளையும் தங்கியிருக்கும். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் அந்த நொடியில் கண்ணுக்கு அவை தெரியாது.

பஞ்சர் ஆனால் டியூபை மாற்றுவதில் யாரும் தவறுவதில்லை, காரணத்தைத் தேடுவதில்தான் அவசரப்படுகிறார்கள். கழற்றிய டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, அது வால்வுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, டயரிலும் அதே இடத்தின் உட்புறத்தை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். வெளியே கறுப்புப் புள்ளியாகக்கூடத் தெரியாத முள் நுனி அங்கே நெருடும். அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் சில கிலோமீட்டரில் அதுவும் போய்விடும். இரண்டு ஓட்டைகள் இணையாக இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்றுக் குறைந்த டயர் கல்லில் மோதி, ரிம்முக்கு இடையில் டியூப் நசுங்கியதன் அடையாளம் அது. மாற்று டியூப் இரண்டு, டயர் நெம்புகோல், ஒட்டுத் துண்டுகள், பம்ப், ஆலன் சாவிகள், செயின் இணைப்பு ஒன்று, இவ்வளவும் ஒரு சிறு பையில் அடங்கும்.

பசிக்கும் முன் உண்பதும் தாகத்துக்கு முன் குடிப்பதும் வெலோசியோ வற்புறுத்திய பழக்கங்கள்; ஏற்றமுள்ள நாளில் மணிக்கு அரை லிட்டர் நீரையாவது கணக்கில் கொள்ளுங்கள். சுற்றிலும் ஏரிகள் இருக்கின்றனவே என்ற தைரியம் வேண்டாம். தெளிந்த நீரையும் நன்றாகக் கொதித்தபின் 1 நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடமும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். பெயின்ட் கொட்டியதைப் போல நீலப்பச்சை ஆடை படர்ந்த நீரைக் கொதிக்க வைத்தும் குடிக்கக் கூடாது. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதியில் அழியாது. அந்த நீரில் குளிப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

தங்குமிடம் சேர்ந்ததும், குளிக்கப் போகும் முன் 10 நிமிடத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்குங்கள். செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மிஞ்சியதை மறுபடி துடைத்துவிடுங்கள். டயர்களில் குத்தி நிற்கும் கண்ணாடித் துண்டுகளைக் களைந்து, பிரேக் கட்டைகளின் தேய்மானத்தைப் பாருங்கள். பிறகு வரைபடத்தை விரித்து, மறுநாள் ஏற்றத்தின் மொத்த மீட்டரைக் கூட்டி, 600-ஐத் தாண்டினால் எந்த இடத்தில் அந்த நாளை இரண்டாக வெட்டுவது என்று அப்போதே முடிவுசெய்துவிடுங்கள்.