கிரேன் வாடகை நிறுவனத்தின் பங்கை எடைபோடுவது எப்படி

இயந்திரங்களை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் பங்கை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நிகர லாபத்தையும் பிஇ விகிதத்தையும்தான் (பங்கின் விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) முதலில் பார்க்கிறார்கள். இந்தத் தொழிலில் அவை கடைசியாகப் பார்க்க வேண்டியவை. எத்தனை கோடிக்கு இயந்திரம் வாங்கி வைத்திருக்கிறார்கள், அதில் எவ்வளவு வேலையில் இருக்கிறது, வேலையில் இருப்பது வாங்கிய விலையில் மாதம் எத்தனை சதவீதம் வாடகை தருகிறது? இந்த மூன்றும் கையில் இருந்தால் லாபத்தை நீங்களே போட்டுவிடலாம். வாங்கிய விலையின் மொத்தம்தான் கிராஸ் பிளாக். அதில் வேலையில் இருப்பதன் சதவீதம் பயன்பாட்டு விகிதம். மாத வாடகைச் சதவீதத்தை ஈல்டு என்பார்கள்.

இந்தியப் பங்குச் சந்தையில் இதற்குப் பொருத்தமான உதாரணம் புனேயின் சங்வி மூவர்ஸ். காற்றாலை, சுத்திகரிப்பு ஆலை, மின்நிலையம் போன்ற இடங்களுக்குப் பெரிய கிரேன்களை வாடகைக்கு விடும் நிறுவனம் இது. பயன்பாட்டு விகிதத்தையும் ஈல்டையும் முதலீட்டாளர்களுக்கான காலாண்டுக் குறிப்பில் தேடுங்கள். (ஏசிஇ போன்றவை கிரேன் செய்து விற்பவை. அந்தக் கணக்கே வேறு, இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.)

முதலில் ஒரே ஒரு கிரேனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் கற்பனைதான், ஆனால் தொழிலின் இயல்பு இதில் தெரியும். விலை 20 கோடி. ஈல்டு மாதம் 2 சதவீதம். ஆண்டில் 75 சதவீத நாள் வேலை. வருமானம் 3.60 கோடி. ஆபரேட்டர், பராமரிப்பு, காப்பீடு, அலுவலகம் என்று 1.26 கோடி போனால் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம், 2.34 கோடி. நிறுமச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி 100 டன்னுக்கு மேற்பட்ட கிரேனின் ஆயுள் 20 ஆண்டு. 5 சதவீத மீதி மதிப்பை விட்டால் தேய்மானம் 95 லட்சம். விலையில் 14 கோடி கடன், வட்டி 9 சதவீதம் என்றால் 1.26 கோடி. வரிக்கு முன் மிஞ்சுவது 13 லட்சம்.

இப்போது பயன்பாட்டை மட்டும் 60 சதவீதமாகக் குறையுங்கள். வருமானம் 2.88 கோடி. ஆபரேட்டர் சம்பளமும் காப்பீடும் குறையாததால் செலவு 1.20 கோடிக்குக் கீழே இறங்காது. தேய்மானமும் வட்டியும் அப்படியே நிற்கும். முடிவு, 53 லட்சம் நஷ்டம். பயன்பாடு 85 சதவீதமானால் ஏறத்தாழ 57 லட்சம் லாபம்.

நிஜத்தில் இன்னும் மோசமாகும், ஏனென்றால் வேலை குறையும்போது வாடகையும் சேர்ந்தே இறங்கும். 2017 பிப்ரவரியில் காற்றாலை மின்சாரத்துக்கு முதல் தேசிய ஏலம் நடந்து, விலை யூனிட்டுக்கு 3.46 ரூபாயாக இறங்கியது. 2016-17-ல் 5,400 மெகாவாட்டைத் தாண்டியிருந்த புதிய காற்றாலைத் திறன், அடுத்த ஆண்டு 2,000-க்கும் கீழே விழுந்தது. காற்றாலையையே பெரிதும் நம்பியிருந்த சங்வி நஷ்டத்துக்குள் போனது. அதனால் வாடிக்கையாளர் துறைவாரி வருமானத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒரே துறை பாதிக்கு மேல் இருந்தால், அந்தத் துறையின் அரசுக் கொள்கைதான் உங்கள் பங்கின் விலை.

கடனில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. கிரேனின் ஆயுள் 20 ஆண்டு, வங்கிக் கடனோ ஐந்தாறு ஆண்டில் அடைக்க வேண்டியது. மேலே சொன்ன கிரேனில் ஆறு ஆண்டுத் தவணை என்றால் அசல் மட்டும் ஆண்டுக்கு 2.33 கோடி. வட்டி போக எபிட்டாவில் மிஞ்சுவது 1.08 கோடிதான். மீதி 1.25 கோடியைக் கடன் தீர்ந்த பழைய கிரேன்கள்தான் சம்பாதித்துத் தர வேண்டும். லாபம் காட்டிக்கொண்டே பணத்துக்குத் திண்டாடும் நிலை இப்படித்தான் வருகிறது. நிகரக் கடன் (கையில் உள்ள பணத்தைக் கழித்த கடன்) எபிட்டாவைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் நிம்மதி. மூன்றைத் தாண்டினால் நான் ஒதுங்கிவிடுவேன். கிரிசில், இக்ரா போன்றவை வெளியிடும் தரமதிப்பீட்டு விளக்கத்தில் தவணை விவரம் இலவசமாகவே கிடைக்கும்.

ஈல்டை நீங்களே கணக்கிட்டால் ஓரிடத்தில் ஏமாற வாய்ப்புண்டு. இண்ட் ஏஎஸ் கணக்கு முறைக்கு மாறியபோது, அன்றைய தேய்மானம் போன மதிப்பையே புதிய 'விலை'யாக வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு அனுமதி இருந்தது. அப்படிச் செய்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் கிராஸ் பிளாக் சிறிதாகத் தெரியும், ஈல்டு பொய்யாக உயரும். சொத்துக் குறிப்பின் அடிக்குறிப்பைப் படித்துவிடுங்கள். பயன்பாட்டு விகிதம் கிரேன் எண்ணிக்கையில் சொல்லப்படுகிறதா, மதிப்பிலா என்பதையும் பாருங்கள். சின்ன கிரேன்கள் பத்து ஓடி, 800 டன் கிரேன் ஒன்று யார்டில் நின்றால், எண்ணிக்கைக் கணக்கு அழகாக இருக்கும்.

வயதைவிடத் திறன் முக்கியம். காற்றாலைக் கோபுரம் 80 மீட்டரிலிருந்து 140 மீட்டர் வரை வளர்ந்துவிட்டது. நன்றாக ஓடும் பழைய கிரேனுக்கு அந்த உயரம் எட்டாவிட்டால் வாடகை குறைந்த வேலைக்குத்தான் போகும்.

வர வேண்டிய பாக்கியை ஆண்டு வருமானத்தால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். 90 நாள் சகஜம். ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனால் வாடிக்கையாளர் தள்ளாடுகிறார் என்று பொருள். பழைய கிரேன் விற்ற லாபத்தை இதர வருமானத்திலிருந்து கழித்துவிடுங்கள். சங்வியைப் போலத் துணை நிறுவனம் மூலம் காற்றாலைத் திட்டப் பணியும் எடுப்பவர்களிடம், வாடகைப் பிரிவின் லாப விகிதத்தைத் தனியாகப் பாருங்கள். திட்டப் பணியில் விற்பனை பெரிது, லாப விகிதம் சிறிது.

விலை போடும்போது, இன்றைய பயன்பாட்டை வைக்காமல் 70 சதவீதம் என்று வைத்து, எபிட்டாவிலிருந்து தேய்மானத்தைக் கழித்து, வரி 25 சதவீதம் எடுத்துவிட்டு மிஞ்சுவதை, சந்தை மதிப்பும் நிகரக் கடனும் சேர்ந்த தொகையோடு ஒப்பிடுங்கள். உச்சக் காலத்தில் பிஇ 8 என்று மலிவாகத் தெரியும் பங்கு, இந்தக் கணக்கில் 20-ஐத் தாண்டிவிடலாம்.

ஜூலை-செப்டம்பர் காலாண்டில் மழையால் பல இடங்களில் வேலை மந்தமாகும். அதை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். வழக்கமாகச் சொல்லிவந்த பயன்பாட்டு எண்ணை நிறுவனம் திடீரென்று சொல்லாமல் விட்டால், காரணம் தெரியும்வரை புதிதாக வாங்க வேண்டாம்.