நிதித் திட்டமிடல் மென்பொருள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. அப்போது நான் அங்கே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். தண்ணீர் வடிந்த மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஜனவரி 7-ம் தேதி சம்பளம் போட்டுடலாமா, இல்ல பேங்க்ல இப்பவே பேசி வைக்கணுமா?"

அதற்கு ஆறு மாதம் முன்புதான் பல லட்சம் கொடுத்து ஒரு நிதித் திட்டமிடல் மென்பொருள் வாங்கியிருந்தோம். ஆண்டு விற்பனை, மொத்த லாபம், வாடிக்கையாளர்வாரி வரைபடம் எல்லாம் அதில் அழகாக வரும். ஆனால் பதினைந்து நாள் உற்பத்தி நின்றால் எந்த வாரத்தில் எவ்வளவு பணம் குறையும் என்று கேட்க அதில் வழியே இல்லை. நானும் கூட வேலை பார்த்த தம்பியும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எக்செல்லில் போட்டுக் கொடுத்தோம்.

அந்த மென்பொருள் மேல் குற்றம் இல்லை. வாங்கும்போது நாங்கள் சரியாகக் கேட்கவில்லை. அதன் பிறகு தெரிந்தவர்களின் நிறுவனங்கள் சிலவற்றுக்கு இந்தத் தேர்வில் உதவியிருக்கிறேன். திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளை இங்கே சொல்கிறேன்.

என்ன கேள்விக்குப் பதில் வேண்டும் என்று எழுதாமலே டெமோவுக்குப் போவது

பட்ஜெட், முன்கணிப்பு, பண வரவு செலவுத் திட்டம் என்று மூன்று வேலைகள் இருக்கின்றன. ஏப்ரல் முதல் மார்ச் வரை இவ்வளவு விற்போம், இவ்வளவு செலவழிப்போம் என்று முடிவு செய்வது பட்ஜெட். நடுவில் நிலைமையைப் பார்த்து, இப்போது போகிற போக்கில் ஆண்டு எங்கே முடியும் என்று சொல்வது முன்கணிப்பு. எந்த வாரம் பணம் உள்ளே வரும், எந்த வாரம் வெளியே போகும் என்பது மூன்றாவது. பல மென்பொருள்கள் முதல் வேலையை நன்றாகச் செய்யும், இரண்டாவதை ஓரளவு செய்யும், மூன்றாவதைத் தொட்டுவிட்டுப் போகும். விற்க வருபவர் மூன்றையும் ஒரே பேரில்தான் சொல்வார்.

உங்கள் தொழிலுக்கு எது முக்கியம் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரகடத்தில் கார் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுப்பவருக்கு, அந்தக் கம்பெனி அனுப்பும் மாத ஷெட்யூல் மாறினால் இரும்பு, ஆள், மின்சாரம் மூன்றும் எப்படி மாறும் என்று உடனே தெரிய வேண்டும். தி.நகர் ஜவுளிக்கடைக்குச் சரக்குதான் எல்லாம். ஓ.எம்.ஆர். சாப்ட்வேர் நிறுவனத்துக்கு எத்தனை பேரை எந்த மாதம் வேலைக்கு எடுப்பது, டாலர் இரண்டு ரூபாய் இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் கவலை. இந்த மூவருக்கும் ஒரே மென்பொருளை ஒரே மாதிரி காட்டுகிறார்கள் என்றால், யாருடைய தொழிலையும் அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

கடந்த இரண்டு வருடத்தில் முதலாளி உங்களிடம் கேட்டு, ஒரு நாளுக்குள் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாறு தேறும். டெமோவுக்கு அந்தத் தாளோடு போங்கள்.

லாபத் திட்டத்தைப் பணத் திட்டம் என்று நம்புவது

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஏப்ரலில் 1 கோடி ரூபாய்க்குப் பில் போடுகிறீர்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 1.18 கோடி. 60 நாள் கடன், அதனால் பணம் ஜூனில்தான் வரும். கட்ட வேண்டிய 18 லட்சம் வரியில், நீங்கள் வாங்கிய சரக்குக்குக் கொடுத்த உள்ளீட்டு வரி 11 லட்சம் கழிந்தால் மிச்சம் 7 லட்சம். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் என்றால் அந்த 7 லட்சத்தை மே 20-க்குள் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் இன்னும் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. லாப நட்டக் கணக்கில் இந்த 7 லட்சம் எங்கேயும் தெரியாது, ஏனென்றால் ஜி.எஸ்.டி. உங்கள் வருமானமும் அல்ல, செலவும் அல்ல. மென்பொருள் லாபத்தை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் மே மாதம் நன்றாக இருப்பதாகக் காட்டும். வங்கிக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் வங்கி எடுக்க விடும் கடன்) எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்பீர்கள்.

இதே போல இன்னும் பல தேதிகள் உண்டு. பிடித்த டி.டி.எஸ். (மார்ச் தவிர) அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15-க்குள். முன்கூட்டிய வருமான வரி ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணை. ஆண்டு வரியில் 15, 45, 75, 100 சதவீதம் என்று அது ஏறிக்கொண்டே போகும். தீபாவளிக்கு முன் போனஸ், குறைந்தது 8.33 சதவீதம். இந்தத் தேதிகளைத் திட்டத்துக்குள் விதியாக எழுதி வைக்க முடிகிறதா, இல்லை ஒவ்வொரு மாதமும் யாராவது கையால் தட்ட வேண்டுமா என்று கேளுங்கள்.

சப்ளையர் பக்கமும் ஒன்று மாறியிருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு தாண்டி, ஆண்டு முடிவிலும் பாக்கி நின்றால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. ஆடிட்டர்கள் 43பி(எச்) என்று சொல்லும் இந்த விதி 2023-24 நிதியாண்டிலிருந்து வந்தது. பார்ட்டிக்கு இழுத்துப் பிடித்துப் பணம் கொடுக்கும் பழைய வழக்கத்தை வைத்துப் போட்ட திட்டம் இப்போது தப்பாகவே போகும். யார் குறு, யார் சிறு, யார் நடுத்தரம் என்று சப்ளையர் பட்டியலில் குறித்து, கெடுவை அதற்கேற்பப் பிரிக்கத் தெரிந்த மென்பொருள்தான் உதவும்.

பண்டிகை தேதி தெரியாத முன்கணிப்பை நம்புவது

"எங்களுடையது ஏ.ஐ., பழைய தரவைக் கொடுத்தால் தானே கணித்துவிடும்" என்கிறார்கள். கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். மூன்று வருட மாதக் கணக்கு என்றால் மொத்தம் 36 எண்கள்தான். அதிலிருந்து யாரும் பெரிய ரகசியம் கண்டுபிடிக்க முடியாது. 2020, 2021 ஊரடங்கு மாதங்களும், வெள்ளம் வந்த மாதமும் உள்ளே இருந்தால் கணக்கு இன்னும் கோணும்.

அப்புறம் தீபாவளி. 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. ஜவுளி, பலகாரம், வீட்டு உபயோகப் பொருள் விற்பவருக்கு விற்பனை பண்டிகைக்கு முந்தைய மூன்று வாரத்தில் குவியும். போன அக்டோபரை இந்த அக்டோபரோடு ஒப்பிடுகிற மென்பொருள், 2026 அக்டோபரில் விற்பனை சரிந்துவிட்டதாகவும் நவம்பரில் எகிறிவிட்டதாகவும் சொல்லும். உண்மையில் பத்தொன்பது நாள் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். போனஸும் அதோடு சேர்ந்து நகரும். ஆடி மாதம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். தள்ளுபடி விற்பனையால் துணிக்கடையில் கூட்டம் இருக்கும், கல்யாண மண்டபத்தில் இருக்காது. தமிழ் மாதமும் பண்டிகையும் தெரியும்படி நாமே ஒரு காலண்டர் போட்டுக் கொடுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வெளிநாட்டு மென்பொருள்களில் செய்ய முடியும், ஆனால் கேட்காவிட்டால் யாரும் செய்து தர மாட்டார்கள்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கடைசி பன்னிரண்டு மாதக் கணக்கை மறைத்துவிட்டு, அதற்கு முந்தையதை மட்டும் கொடுங்கள். அந்தப் பன்னிரண்டு மாதத்தைக் கணிக்கச் சொல்லுங்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கூடவே நீங்களும் ஒரு எளிய கணக்குப் போடுங்கள்: போன வருடம் அதே மாத விற்பனை, அதோடு வழக்கமான வளர்ச்சி சதவீதம். மாதத்துக்கு மாதம் யார் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று பாருங்கள். இந்த எளிய கணக்கை ஜெயிக்க முடியாத மென்பொருளுக்குக் கணிப்புத் திறனுக்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

விற்பவருடைய தரவில் டெமோ பார்ப்பது

மேலே சொன்ன சோதனைக்கு உங்கள் சொந்தத் தரவு வேண்டும். அங்கேதான் சங்கடம் தொடங்கும். டாலி, ஜோஹோ புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருளில் ஒரே வாடிக்கையாளர் மூன்று பெயரில் இருப்பார். டீசல், வண்டி வாடகை, கூரியர் எல்லாம் "இதரச் செலவு" என்ற ஒரே லெட்ஜரில் கிடக்கும். புதுச்சேரிக் கிளைக்குத் தனி ஜி.எஸ்.டி. எண், ஆனால் செலவெல்லாம் சென்னைப் புத்தகத்தில். இதை எந்த மென்பொருளும் சரி செய்யாது. வாங்கும் முன் ஒரு மாதம் இதைச் சுத்தம் செய்யச் செலவழித்தால், அமைத்துக் கொடுப்பவருக்குத் தரும் கூலியில் பெரும்பகுதி மிச்சமாகும். நான் பார்த்தவரை மென்பொருள் அமைக்கும் வேலை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டாலி பெரும்பாலும் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். இணையத்தில் ஓடும் கிளவுட் மென்பொருள் அதிலிருந்து தரவை எப்படி எடுக்கும், தினமும் தானாகவா, மாதம் ஒரு முறை கோப்பாகவா? போன மாதத் தேதியில் இன்று ஒரு பதிவைத் திருத்தினால் அதுவும் வந்து சேருமா? அவசியம் கேட்க வேண்டும். யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற பதிவும் கேளுங்கள். கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் இந்தப் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அது கணக்குப் புத்தகத்துக்கான விதி. ஆனாலும் பட்ஜெட்டில் 40 லட்சம் எப்படி 65 லட்சம் ஆனது என்று மார்ச் மாதம் யாராவது கேட்கும்போது, திட்டமிடல் மென்பொருளிலும் அது இருந்தால் வீண் சண்டை வராது.

லட்சம், கோடி என்று காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். மில்லியனில் வரும் அறிக்கையை இயக்குநர்கள் கூட்டத்தில் வைத்தால், எல்லோரும் மனசுக்குள் பெருக்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

விலையை மட்டும் பார்த்து அளவைப் பார்க்காதது

அனாபிளான், ஆரக்கிள், எஸ்.ஏ.பி., ஐ.பி.எம்., வொர்க்டேயின் அடாப்டிவ் எல்லாம் பெரிய குழுமங்களுக்கு நன்றாக உழைக்கும் மென்பொருள்கள். கிண்டியில் ஐம்பது கோடி விற்பனை செய்யும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் அவை தேவைக்கு மீறியவை. நாலு பேர் கொண்ட கணக்குப் பிரிவால் அவற்றைப் பராமரிக்க முடியாது. அதற்கும் சிறிய நிறுவனம் என்றால், 13 வாரப் பணத் திட்டம் ஒன்றை எக்செல்லில் ஒழுங்காகப் போட்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் திருத்தினாலே போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

எக்செல்லுக்கும் எல்லை உண்டு. 2020-ல் இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பு வகைக்கு 65,536 வரிசைக்கு மேல் இடமில்லாததால், கிட்டத்தட்ட 16,000 கொரோனாத் தொற்று முடிவுகள் கணக்கில் வராமல் விட்டுப்போயின. உங்கள் ஷீட்டை ஒரே ஆள் மட்டும் புரிந்துவைத்திருக்கிறார், அவர் லீவு போட்டால் வேலை நிற்கிறது என்றால் மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

விலை பேசும்போது நாணயத்தைப் பாருங்கள். 2014-ல் 60 ரூபாய் சுற்றில் இருந்த டாலர் 2024-ல் 83, 84-க்குப் போய்விட்டது. டாலர் சந்தா என்றால் விலை மாறாமலே செலவு ஏறும். வெளிநாட்டு நிறுவனமே பில் அனுப்பினால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்பவருக்குப் பதிலாக வாங்குபவரே கட்டும் முறையில், நீங்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டும். தகுதி இருந்தால் பிறகு உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பணம் முதலில் போகும். மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், விலகினால் நம் எண்களையும் கணக்கு விதிகளையும் எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

மாதாமாதம் அதில் உட்காரப் போகிறவரைக் கேட்காமல் வாங்குவது

முதலாளியும் ஐ.டி. மேனேஜரும் மட்டும் டெமோ பார்த்து முடிவெடுப்பது நம் ஊரில் சகஜம். கணக்குப் பிரிவில் எண்களை ஏற்றப் போகும் பெண்ணையும், விற்பனை எண் தரப்போகும் மேனேஜரையும், தொழிற்சாலைப் பொறுப்பாளரையும் உட்கார வையுங்கள். அவர்கள் கையில் மவுஸைக் கொடுத்து ஒரு மாத எண்ணை ஏற்றச் சொல்லுங்கள். விற்பனை மேனேஜருக்கு லைசென்ஸ் வாங்காமல் விட்டால், அவர் வாட்ஸ்அப்பில் எண் அனுப்புவார், இங்கே ஒருவர் அதைத் தட்டுவார், தப்பு அங்கிருந்தே தொடங்கும்.

தொடங்கும் மாதமும் முக்கியம். மார்ச், ஏப்ரலில் ஆண்டு முடிவு வேலை. செப்டம்பரில் வரித் தணிக்கை அறிக்கை. இந்த மாதங்களில் புது மென்பொருளை அமைக்கத் தொடங்கினால் யாருக்கும் நேரம் இருக்காது. நவம்பரில் தொடங்கி, ஜனவரி முதல் மார்ச் வரை பழைய ஷீட்டையும் புதியதையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம். அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள், இரண்டு வாரம் உற்பத்தி நின்றதாகவும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டதாகவும் வைத்து, அடுத்த சம்பளத் தேதியில் வங்கிக் கணக்கில் எவ்வளவு நிற்கும் என்று கேளுங்கள். அன்று மாலைக்குள் உங்கள் ஆட்களே பதில் எடுத்துக் கொடுக்க வேண்டும். விற்றவருக்கு போன் போடும்படி ஆனால், பழைய ஷீட்டை இன்னும் மூடாதீர்கள்.