"ஐ ஈட் ஆல்ரெடி": எங்கே செல்லும், எங்கே செல்லாது

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் "ஈட் ஆல்ரெடி?" என்று கேட்டால் யாருக்கும் விளங்கும். நாம் "சாப்பிட்டாச்சா?" என்கிறோம், மலாயில் "சுடா மாக்கான்?" என்கிறார்கள், சீனர்களும் வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லைப் போட்டு வேலை முடிந்ததைக் காட்டுகிறார்கள். மூன்று மொழியும் ஒரே பக்கம் இழுப்பதால் மலேசிய ஆங்கிலத்தில் 'ஆல்ரெடி' ஆழமாக ஊன்றிவிட்டது. கடைத்தெருவில் அதைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) கட்டுரையிலும் வேலை விண்ணப்பத்திலும் நேர்முகத் தேர்விலும்தான் அது இடிக்கும்.

'ஆச்சு', 'விட்டது' என்று முடித்தாலே தமிழில் வேலை முடிந்தது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதைச் சொல்வது ஹேவ் அல்லது ஹேஸும், அதோடு வரும் வினையின் மூன்றாம் வடிவமும். ஆல்ரெடி அதன்மேல் ஒரு சேதியை மட்டும் ஏற்றுகிறது: நினைத்ததற்கு முன்பே நடந்துவிட்டது, அல்லது இனிச் செய்யத் தேவையில்லை.

செம்பனைத் தோட்ட ஆபீஸில் கிராணி (எழுத்தர்) லோரி எங்கே என்று கேட்கிறார். "லோரி போயிருச்சு" என்பதற்கு "தி லோரி ஹேஸ் லெஃப்ட்" போதும். இன்னும் நாலு குலை ஏற்ற வேண்டும் என்று ஒருவர் ஓடி வந்தால், அப்போதுதான் "தி லோரி ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட்". நீங்கள் வருவதற்குள் போய்விட்டது என்ற பொருள் அந்த ஒரு சொல்லில் ஏறுகிறது.

எழுதிய வாக்கியத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஆல்ரெடியை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். "ஐ ஈட் ஆல்ரெடி" என்பதில் மிஞ்சுவது "ஐ ஈட்". அதற்கு 'நான் சாப்பிடுவது வழக்கம்' என்றுதான் பொருள், சாப்பிட்டு முடித்தது அதில் இல்லை. முதலில் அதை "ஐ ஹேவ் ஈட்டன்" என்று சரிசெய்யுங்கள். பிறகு, 'முன்பே' என்று அழுத்திச் சொல்ல வேண்டுமா என்று பாருங்கள். வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் செருகுங்கள்: "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்". பாதி இடங்களில் அது வேண்டியதே இருக்காது.

இடம் பற்றிய விதி சிக்கலானது அல்ல. துணைவினை (ஹேவ், ஹேஸ் போன்றவை) இருந்தால் அதற்குப் பின். இரண்டு துணைவினை இருந்தால் முதலாவதற்குப் பின்: "தி ஃபார்ம் ஹேஸ் ஆல்ரெடி பீன் சப்மிட்டட்". இஸ், ஆர், வாஸ் தனியாக வந்தால் அவற்றுக்குப் பின்: "இட் இஸ் ஆல்ரெடி டென் ஓ'கிளாக்". வினை தனியாக நின்றால் அதற்கு முன்: "ஷி ஆல்ரெடி நோஸ்". வியப்பைக் காட்ட வாக்கியத்தின் கடைசியிலும் வைக்கலாம். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் மட்டும் வைக்காதீர்கள். "ஐ ஹேவ் பெய்ட் ஆல்ரெடி தி பில்" தவறு.

அதிகம் சறுக்குவது எதிர்மறையில்தான். 'இன்னும் இல்லை' என்பதற்கு ஆல்ரெடி வராது, யெட் வரும்: "ஐ ஹேவ் நாட் ஈட்டன் யெட்". 'இப்போது அங்கே வேலை செய்வதில்லை' என்பதை "ஐ டோன்ட் வர்க் தேர் ஆல்ரெடி" என்று சொல்வது நம் ஊரில் சாதாரணம். நேர்முகத் தேர்வில் "ஐ டோன்ட் வர்க் தேர் எனிமோர்" என்று சொல்ல வேண்டும். நிலை மாறியதைச் சொல்லும்போதும் இதே சறுக்கல் வரும். பால் மரம் (ரப்பர்) சீவக் கிளம்பும்போது "ரெயினிங் ஆல்ரெடி" என்றால் உடன் வேலை செய்பவருக்குப் புரியும். பட்டை நனைந்தால் பால் சீவிய கோட்டில் நிற்காமல் வழியும், சீவ முடியாது. ஆனால் அறிக்கையில் எழுதும்போது "இட் ஹேஸ் ஸ்டார்ட்டட் டு ரெயின்" என்றே எழுதுங்கள்.

கேள்வியிலும் வேறுபாடு உண்டு. "ஹேவ் யூ ஈட்டன் யெட்?" சாதாரணக் கேள்வி. "ஹேவ் யூ ஈட்டன் ஆல்ரெடி?" என்றால் 'அதுக்குள்ளவா?' என்ற வியப்பு கலந்துவிடும். காலை பத்து மணிக்கு மதியச் சாப்பாட்டை முடித்தவரிடம் அப்படிக் கேட்கலாம்.

நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்த காலத்தைக் குறிப்பிட்டால் ஹேவ் வராது. "ஐ ஹேவ் ஆல்ரெடி பெய்ட் யெஸ்டர்டே" தவறு. "ஐ பெய்ட் யெஸ்டர்டே" சரி. அமெரிக்கர்கள் "ஐ ஆல்ரெடி ஏட்" என்பார்கள், அது அவர்களிடம் பிழையில்லை. நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் தேர்வில் ஹேவை விடாதீர்கள்.

எழுத்துப் பிழையும் அடிக்கடி வருகிறது. ஆல்ரெடி ஒரே சொல், அதில் ஒரு 'எல்'தான். இரண்டு 'எல்' போட்டு, இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதினால் 'எல்லாரும் தயார்' என்றாகிவிடும். உச்சரிக்கும்போது அழுத்தம் 'ரெ'யில் விழ வேண்டும்.

இலக்கணம் சரியாக இருந்தும் தொனி கெடும் இடம் ஒன்று உண்டு. "ஐ ஹேவ் ஆல்ரெடி டோல்ட் யூ" என்பது 'எத்தனை தடவை சொல்வது?' என்ற எரிச்சலாகக் காதில் விழும். ஆபீஸுக்கு மின்னஞ்சல் எழுதும்போது "ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் தி ஃபார்ம்" என்பதைவிட, தேதியோடு "ஐ சென்ட் தி ஃபார்ம் ஆன் 3 மார்ச்" என்று எழுதுங்கள். குத்தலும் இருக்காது, எதிரில் இருப்பவருக்குத் தேடவும் வசதி.