மலை ஏரி ஊருக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயில் சுள்ளென்று அடிக்கும்போது ஏரியைக் கண்டதும் குதித்துவிடத் தோன்றும். மலை ஏரியில் ஆபத்து தொடங்குவது அங்கேதான். பனி உருகி வந்து சேரும் ஏரியில் கோடையிலும் நீர் குளிர்ந்தே இருக்கும். மேல்மட்டம் வெதுவெதுப்பாக இருந்தாலும் சற்று ஆழத்தில் உடல் நடுங்கும். 15 டிகிரி செல்சியசுக்கும் குறைவான நீரில் சட்டென விழுந்தால் நம்மை மீறி மூச்சு இழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஓரிரு நிமிடங்களில் இந்த மூச்சுத்திணறல் தணிந்தாலும், கடுங்குளிர் நீரில் சுமார் 10 நிமிடங்களில் கைகால்கள் சொன்னபடி கேட்காது. நீச்சல் தெரியும் என்று லைஃப் ஜாக்கெட்டைப் படகில் கழற்றிப்போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. விழுந்துவிட்டால் பதறி நீந்தாமல், மூச்சு சீராகும்வரை மிதந்திருங்கள்.

அடுத்த தவறு, தாமதமாகக் கிளம்புவது. காலையில் அசையாமல் கிடக்கும் ஏரி, சரிவுகள் சூடேறிய பிறகு பிற்பகலில் காற்றும் அலையுமாக மாறலாம். இடிமேகமும் அப்போதுதான் திரளும். துடுப்புப் படகில் போகிறவர்கள் முதலில் காற்றை எதிர்த்துப் போக வேண்டும். களைத்துத் திரும்பும்போது காற்று கரைக்குத் தள்ளிவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து நடு ஏரியில் தவிக்கிறார்கள். இடி கேட்டால் உடனே கரையேறிக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்திருங்கள்.

குளிர்காற்று வீசுவதால் தோல் கருகுவது தெரியாது. 1,000 மீட்டர் ஏறினால், தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. 2,500 மீட்டருக்கு மேலுள்ள ஊர் என்றால், உடல் அந்த உயரத்துக்குப் பழக வேண்டும்; போய் இறங்கிய அன்றே மலையேற்றம் வேண்டாம். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறாமல் ஓய்வெடுங்கள்.

சிற்றூர் என்பதால் அறை, வண்டி நிறுத்த இடம், எரிபொருள் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கிவையுங்கள்.

ஏரிக்கு நாம் செய்யும் கெடுதலை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வேறு நீர்நிலையில் பயன்படுத்திய படகில் ஒட்டியிருக்கும் பாசியும் சிப்பிக்குஞ்சும் புதிய ஏரியில் பெருகிவிட்டால், பிறகு ஒழிப்பது மிகக் கடினம். படகையும் காலணியையும் தூண்டில் கருவிகளையும் கழுவி, நீரை முழுதும் வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும். மக்கும் சோப்பு என்றாலும் ஏரியில் கரைக்காதீர்கள். கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப்போய்க் கழுவுங்கள்.